பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு சவுண்ட்பார்: தேர்வு, இணைப்பு, வைக்கும் இடம்

அறை பத்துக்குப் பத்து. 32 அங்குல டிவி ஒரு மேசை மேல், எதிர்ச் சுவரோரம் கட்டில். மின்விசிறி ஐந்தில் ஓடும்போதும் செய்தி வாசிப்பவரின் பேச்சு சொல் சொல்லாகக் கேட்க வேண்டும், ஃபோனிலிருந்து பாட்டும் போட முடிய வேண்டும். தேவை இவ்வளவுதான். இதற்குள் இரண்டு சவுண்ட்பார், ஐந்து விதமான இணைப்பு, வேலைக்கு ஆகாமல் பெட்டிக்குள் போன நாலைந்து சாமான் என்று கணக்கு நீண்டுவிட்டது. இப்போது எல்லாம் சரியாக ஓடுகிறது. இதே அளவு அறைக்கு வாங்கப் போகிறவர்களுக்கு அளவுகளோடு பயன்படட்டும் என்று வரிசையாக எழுதுகிறோம்.

முதலில் டேப்பை எடுத்து அளந்தது. மேசை மூன்றடி நீளம், ஓரடி ஆழம், இரண்டடி உயரம். டிவியின் அகலம் 72 செ.மீ. அதன் இரண்டு கால்களுக்கும் நடுவே 58 செ.மீ. மேசைப் பலகைக்கும் டிவியின் கீழ் விளிம்புக்கும் இடையே 6.5 செ.மீ. ரிமோட் சிக்னல் வாங்கும் கண் கீழ் விளிம்பின் நடுவில் இருக்கிறது. டிவியைச் சுவரோடு தள்ள முடியாது. பின்னால் பிளக்கும் ஒயரும் வளைய நாலு செ.மீ. விட்டாக வேண்டும். அப்படி விட்ட பிறகு மேசையில் டிவிக்கு முன்னால் மிஞ்சியது எட்டு செ.மீ.தான்.

ஆக, டிவிக்கு அடியில் கால்களுக்கு நடுவே நுழைகிற பார் வேண்டும்: நீளம் 56 செ.மீ.க்குள், உயரம் 6 செ.மீ.க்குள். இந்த இரண்டு எண்ணைத் தாளில் எழுதிக்கொண்ட பிறகுதான் பட்டியலைப் பார்க்க வேண்டும். பிரபலமான மாடல்கள் பாதிக்கு மேல் அங்கேயே கழிந்துவிடும். சோனியின் எச்டி-எஸ்100எஃப் 90 செ.மீ. நீளம், மேசையின் நீளம் முழுவதையும் அது அடைத்துக்கொள்ளும், கால்களுக்கு நடுவே நுழையாது. ஜேபிஎல் பார் 2.0 ஏறத்தாழ 61 செ.மீ. மூன்று செ.மீ.யில் கால் இடிக்கும். இரண்டுமே நல்ல சாமான்கள், 43 அங்குல டிவிக்கும் பெரிய மேசைக்கும் பொருந்தும். இந்த இடத்துக்கு இல்லை.

தனி சப்-ஊஃபர் பெட்டியோடு வரும் 2.1 வகையையும் அப்போதே ஒதுக்கிவிட்டோம். அந்தப் பெட்டியை வைக்க இந்த அறையில் மூலையைத் தவிர இடமில்லை. மூலையில் வைத்தால் கீழ்ச்சுருதிச் சத்தம் இரண்டு சுவரிலும் தரையிலும் பட்டுப் பெருகும், பக்கத்து வீட்டுக்கும் நாலரை இஞ்ச் சுவர் வழியாக அதுதான் முதலில் போகும். பேச்சு கேட்க வாங்கும் சாமானுக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

வாட்ஸ் விஷயத்தில் பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். அடாப்டரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அவுட்புட் என்ற வரியில் வோல்ட்டும் ஆம்பியரும் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் அந்த சாமானுக்குள் போகக்கூடிய மொத்த மின்சாரம் தெரிந்துவிடும். 12 வோல்ட், 2 ஆம்ப் என்றால் 24 வாட்ஸ். அதற்குள்தான் புளூடூத் சர்க்யூட், விளக்கு, ஆம்ப்ளிஃபையரின் சூடு எல்லாம். பெட்டியில் 80 என்று போட்டிருந்தாலும் தொடர்ச்சியாக 20-க்கு மேல் வர வழியில்லை. 15 வோல்ட், 2 ஆம்ப் என்றால் 30 வாட்ஸ். யூஎஸ்பி வழியாக 5 வோல்ட், 2 ஆம்ப் என்றால் 10 வாட்ஸ். பிஎம்பிஓ (கணநேர உச்சம்) என்று எழுதியிருக்கும் எண்ணை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. ஆர்எம்எஸ் (தொடர்ச்சியாகத் தரக்கூடிய அளவு) என்றால் ஓரளவு நம்பலாம், அதையும் அடாப்டர் எண்ணோடு வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்த அறைக்கு எவ்வளவு தேவை? கட்டிலில் உட்கார்ந்தால் பாரிலிருந்து காதுக்கு 2.4 மீட்டர். அந்தத் தூரத்தில் சாதாரணமாக டிவி பார்க்கும் சத்தத்துக்கு ஒரு வாட்ஸ்கூட முழுதாகச் செலவாவதில்லை. சட்டென்று எழும்பும் தவில் அடிக்கும் வெடிச் சத்தத்துக்கும் இடம் விட்டு 15, 20 வாட்ஸ் இருந்தால் தாராளம். அதற்கு மேல் கொடுக்கும் பணம் இந்த அறையில் காதுக்கு வந்து சேராது.

அடாப்டரைத் திருப்பும்போதே இன்னொன்றும் பார்த்துவிடலாம். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு முத்திரையும் அதற்குக் கீழே ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். நாள் முழுக்கச் சுவரில் சொருகியே கிடக்கப் போகும் சாமான் இது, அதுவும் மெத்தைக்கு எட்டும் தூரத்தில். இந்த ஒரு நிமிட வேலையைத் தவற விடக் கூடாது.

முதல் தவறு

எல்லாம் தெரிந்திருந்தும் முதலில் வாங்கியது ரூ. 1,100-க்கு ஒரு யூஎஸ்பி சவுண்ட்பார். நீளம் 40, உயரம் 6. அளவு அச்சாகப் பொருந்தியது. தனி அடாப்டர் வேண்டாம், டிவியின் யூஎஸ்பியிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும், டிவியை அணைத்தால் தானும் அணையும் என்பதால் பிளக் பாயின்ட் ஒன்று மிச்சம் என்று நினைத்தது.

டிவியின் யூஎஸ்பி ஓட்டைக்குப் பக்கத்தில் 5 வோல்ட், 0.5 ஆம்ப் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. இரண்டரை வாட்ஸ். செய்திக்கு அது போதுமானதாக இருந்தது. சண்டைக் காட்சியில் சத்தம் ஏறியதும் பாரின் நீல விளக்கு மங்கி, 'டப்' என்ற சத்தத்தோடு அணைந்து மறுபடி எரிந்தது. ஒவ்வொரு தடவையும் அப்படி. ஃபோன் சார்ஜரில் மாட்டியதும் அணைவது நின்றது. ஆனால் அப்போது டிவியோடு சேர்ந்து அணையும் வசதி போய்விட்டது, மிச்சம் பிடித்த பிளக் பாயின்ட்டும் போயிற்று.

இதைவிடப் பெரிய கோளாறு இணைப்பில் இருந்தது. அந்த பாரில் புளூடூத், ஆக்ஸ் இரண்டுதான். டிவியிலேயே புளூடூத் இருப்பதால் ஒயரே வேண்டாம் என்று முதலில் அப்படி இணைத்தது. பாட்டு நன்றாகத்தான் வந்தது. செய்தியைப் போட்டதும் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.

எவ்வளவு பின்தங்குகிறது என்று அளப்பது சுலபம். திரையில் ஒரு வெள்ளை மின்னலும் அதே நொடியில் 'பீப்' சத்தமும் வரும் சோதனை வீடியோவை டிவியில் ஓட்டவும். ஃபோன் கேமராவை விநாடிக்கு 60 ஃப்ரேமில் வைத்து, டிவிக்கு அருகிலேயே பிடித்துப் பதிவு செய்யவும். வீடியோ எடிட்டிங் ஆப்பில் திறந்து, மின்னல் வரும் ஃப்ரேமுக்கும் ஒலிக்கோடு எழும் இடத்துக்கும் நடுவே எத்தனை ஃப்ரேம் என்று எண்ணவும். ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 17 மில்லி விநாடி. டிவி ஸ்பீக்கரில் முதலில் எண்ணிவிட்டுப் பிறகு புளூடூத்தில் எண்ணினால் வித்தியாசம் பிடிபடும். இங்கே 12, 13 ஃப்ரேம் வந்தது, அதாவது 200 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேல். ஒலிபரப்புத் துறை பின்பற்றும் ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரையின்படி, சத்தம் படத்துக்கு 125 மில்லி விநாடி பிந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிய ஆரம்பிக்கும்; 185-ஐத் தாண்டினால் ஏற்க முடியாது. சத்தம் முந்தினால் இன்னும் மோசம், 45-லேயே தெரிந்துவிடும்.

டிவி மெனுவில் ஆடியோ டிலே என்று ஒன்று இருக்குமே என்று தேடினோம். இந்த டிவியில் அது சத்தத்தை மேலும் பின்னுக்குத்தான் தள்ளும், முன்னுக்கு இழுக்காது. புளூடூத்தில் ஏற்கெனவே பிந்தி வரும் சத்தத்துக்கு அதனால் பயனில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடையில் ஃபோனை பாரோடு இணைத்து ஒரு வீடியோவை ஓட்டிக் காட்டுவார்கள். உதடும் பேச்சும் கச்சிதமாகச் சேர்ந்திருக்கும். காரணம், ஃபோனில் உள்ள வீடியோ ஆப்கள் புளூடூத் தாமதத்தைக் கணக்கிட்டு, படத்தையும் அதே அளவு நிறுத்தி ஓட்டுகின்றன. செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் படத்துக்கு அந்த ஏற்பாடு கிடையாது. ஃபோனில் சரியாக இருந்தது என்பதை டிவிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்து, தாமதம் குறைவு என்று போட்டிருந்த ஒரு புளூடூத் டிரான்ஸ்மிட்டரை ரூ. 600-க்கு வாங்கி டிவியின் ஹெட்ஃபோன் ஓட்டையில் சொருகியது. 14 ஃப்ரேம். முன்பைவிட மோசம். ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி என்ற முறையில் தாமதம் 40 மில்லி விநாடி அளவுக்கு இறங்குவது உண்மைதான், ஆனால் அனுப்பும் கருவி, வாங்கும் கருவி இரண்டிலும் அது இருக்க வேண்டும். இந்த பாரில் இருந்தது புளூடூத்தின் அடிப்படை ஒலி முறையான எஸ்பிசி மட்டும். ஒரு பக்கம் இல்லையென்றால் இரண்டும் எஸ்பிசிக்கு இறங்கிவிடும். குறைந்த விலை பார்களில் பெரும்பாலும் எஸ்பிசிதான்.

சரி, ஒயரே போடுவோம் என்று ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து 3.5 மி.மீ. ஆக்ஸ் ஒயர். தாமதம் பூஜ்யம். ஆனால் 'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல் சேர்ந்துகொண்டது. டிவியை மியூட் செய்தாலும் நிற்கவில்லை. ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்ததில், செட்டாப் பாக்ஸின் பின்னால் இருக்கும் கேபிள் டிவி ஒயரைக் கழற்றியதும் இரைச்சல் சுத்தமாக நின்றது. கேபிள் ஒயர் வெளியிலிருந்து ஒரு எர்த்தைக் கொண்டுவருகிறது, பாரின் மின் இணைப்பு இன்னொன்றை. இரண்டும் ஆக்ஸ் ஒயர் வழியாகச் சந்தித்து ஒரு வளையமாகிவிடுகின்றன. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ரூ. 250-க்குக் கிடைக்கும் சின்ன டப்பாவை நடுவில் போட்டதும் இரைச்சல் போயிற்று. கூடவே மிருதங்கத்தின் தொப்பியும் மெலிந்துவிட்டது. டப்பாவுக்குள் இருப்பது சுண்டைக்காய் அளவு டிரான்ஸ்ஃபார்மர், அது கீழ்ச்சுருதியை முழுதாகக் கடத்தாது. வேறு வழியே இல்லாத பழைய டிவிக்கு இந்த டப்பா நல்ல தீர்வு. எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ ஒயர் வழியாகவே பாருக்கு அனுப்பும் வசதி) உள்ள டிவிக்கு வேண்டியதில்லை.

இரண்டாவது பார்

இந்த முறை தேடலைச் சாக்கெட்டிலிருந்து தொடங்கியது. பாரின் பின்பக்கப் படத்தை முதலில் பார்ப்பது, எச்டிஎம்ஐ ஏஆர்சி இல்லையென்றால் அடுத்ததற்குப் போவது. ஏஆர்சி 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-ஓடு வந்த வசதி. கடந்த பத்து வருட டிவிகளில் ஏதாவது ஒரு எச்டிஎம்ஐ ஓட்டைக்குப் பக்கத்திலாவது அந்த எழுத்துகள் இருக்க வாய்ப்பு அதிகம். அதன் அடுத்த வடிவமான இஏஆர்சி வேண்டும் என்று யாராவது சொன்னால், இரண்டு ஸ்பீக்கர் உள்ள சின்ன பாருக்கு அது அவசியமில்லை.

நீளம், உயரம், ஏஆர்சி, அடாப்டர் எண் என்று நான்கு சல்லடையில் சலித்த பிறகு நாலாயிரம் ஐயாயிரம் விலைக்குள் மூன்று மிஞ்சின. அந்த மூன்றையும் கடையில் பிரித்தது ஒரே சோதனை. பாரை ஏஆர்சியில் வைத்து, சத்தத்தைப் பாதிக்கு வைத்து, சுவர் சுவிட்சை அணைத்துப் பத்து எண்ணிவிட்டு மறுபடி போடுவது. ஒன்று புளூடூத்துக்குத் திரும்பி, உரத்த குரலில் அதை அறிவித்தது. இன்னொன்று தூங்கிவிட்டது, ரிமோட்டை அமுக்கினால்தான் எழுந்தது. மூன்றாவது விட்ட இடத்திலேயே, அதே சத்தத்தில் வந்து நின்றது. அதையே எடுத்தது. படுக்கப் போகும்போது சுவிட்சை அணைக்கும் வீட்டில், கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், ஒரு பார் அன்றாடம் தொல்லை கொடுக்குமா கொடுக்காதா என்பதை இந்தச் சோதனை சொல்லிவிடும். பெட்டியில் எங்கேயும் இதை எழுதியிருக்க மாட்டார்கள்.

வாங்கியதன் அளவு: நீளம் 42 செ.மீ., உயரம் 6, ஆழம் 8. இரண்டு ஸ்பீக்கர், பின்பக்கம் காற்றுத் துளை. அடாப்டர் 15 வோல்ட், 2 ஆம்ப். விலை ரூ. 4,200.

செட்டாப் பாக்ஸ் முதல் எச்டிஎம்ஐயில் இருந்ததால் அதைக் கலைக்க வேண்டாம் என்று முதலில் ரூ. 200-க்கு ஆப்டிகல் ஒயர் போட்டது. சத்தமே இல்லை. முனையில் இருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடியைக் கழற்றவில்லை. பலர் தடுக்கி விழும் இடம் இது. கழற்றியதும் முனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. மாட்டியதும் ஒரு சேனலில் சத்தம் வந்தது, இன்னொன்றில் வரவில்லை. வராத சேனல் டால்பியில் அனுப்புகிறது, பாருக்குப் பிசிஎம் என்ற சாதாரண டிஜிட்டல் ஒலி மட்டும்தான் புரியும். டிவி மெனுவில் டிஜிட்டல் ஆடியோ அவுட் என்பதை ஆட்டோவிலிருந்து பிசிஎம்முக்கு மாற்றியதும் எல்லாச் சேனலும் பேசின. செட்டாப் பாக்ஸின் மெனுவிலும் இதே மாற்றத்தைச் செய்துவிடுவது நல்லது.

ஆப்டிகலில் மிஞ்சிய குறை, டிவி ரிமோட் பாரின் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. இரண்டு ரிமோட் வேண்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இது சின்ன விஷயமில்லை. அதனால் கடைசியில் ஏஆர்சிக்கே வந்தது. செட்டாப் பாக்ஸை இரண்டாவது ஓட்டைக்கு மாற்றி, ஏஆர்சி என்று எழுதியிருந்த முதல் ஓட்டையில் பாரை மாட்டியது. டிவி மெனுவில் சிஇசியை (எச்டிஎம்ஐ வழியாக ஒரு ரிமோட்டே மற்றதையும் இயக்கும் வசதி) இயக்க வேண்டும். அந்தப் பெயரில் அது இருக்காது. சோனியில் பிராவியா சிங்க், சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க். கையிலிருந்த பழைய எச்டிஎம்ஐ ஒயரில் டிவி பாரைக் கண்டுகொள்ளவே இல்லை. ஏஆர்சி சத்தம் 14-ஆவது முனை வழியாகத் திரும்பி வருகிறது, மலிவான சில ஒயர்களில் அந்த முனைக்குக் கம்பியே போட்டிருப்பதில்லை. சென்னை ரிச்சி தெருவில் ரூ. 250-க்கு ஒன்றரை மீட்டர் நல்ல ஒயர் வாங்கிப் போட்டதும் உடனே பிடித்துக்கொண்டது. தாமதம் இரண்டு ஃப்ரேம், 35 மில்லி விநாடிக்குள். டிவியைப் போட்டால் பார் எழுகிறது, டிவி ரிமோட்டே சத்தத்தையும் பார்த்துக்கொள்கிறது.

வைத்த இடம்

பாரை டிவிக்கு அடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்தால் ஆண் குரல் எல்லாம் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. பாரில் குற்றமில்லை. ஃபோனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, புளூடூத்தில் 60 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல மேலே ஏற்றினால் விஷயம் விளங்கும். 60-இல் ஒன்றும் கேட்கவில்லை, இந்த அளவு ஸ்பீக்கரில் கேட்காது. 90-இல் லேசாக. 110-ஐத் தாண்டியதும் அறையே முழங்கியது, 114-இல் உச்சம், 125-க்கு மேல் பழையபடி அடங்கியது. பத்தடிக்குப் பத்தடிச் சதுர அறையில் நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே சுருதியில் முழங்கும். பத்தடிக்கு அது 57 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 114. சுவரை ஒட்டி உட்கார்ந்தால் உச்சம் முழுவதும் காதில் விழும். அதே ஒலி ஓடும்போது எழுந்து முன்னால் நடந்தால், பின் சுவரிலிருந்து இரண்டரை அடியில் அந்த முழக்கம் ஏறக்குறைய மறைந்துபோகிறது. கட்டிலை நகர்த்த இடமில்லை. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துத் தலை ஒன்றரை அடி முன்னால் வரும்படி உட்கார்ந்ததே நல்ல மாற்றம் தந்தது.

மீதிக் கோளாறு மேசையில். 114-ஐ ஓட விட்டு, மேசையின் ஒவ்வொரு பலகையிலும் விரல் நுனியை வைத்துப் பார்த்தது. பின்பலகை விரலுக்கடியில் குறுகுறுவென்று ஆடியது. மூன்று மி.மீ. பலகை, ஆறு சின்ன ஆணியில் நிற்கிறது. விரலை அழுத்தினால் 'கிர்' என்ற சத்தம் நிற்கிறது, எடுத்தால் வருகிறது. நடுவில் இரண்டு ஸ்க்ரூ கூடுதலாகப் போட்டதும் தீர்ந்தது. செட்டாப் பாக்ஸின் மேல் கிடந்த ரிமோட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது. பாரைத் தரையோடு தரையாக மேசையில் வைப்பதும் தப்பு. அடியில் மெத்தென்று ஏதாவது வேண்டும்.

அதற்குப் பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பர் இரண்டை முன்பக்கத்தில் வைத்தது. ரப்பர் ஒரு செ.மீ. உயரம், பாரின் ஆழம் 8 செ.மீ., ஆக ஏழு டிகிரி மேல் நோக்கிச் சாயும். 2.4 மீட்டர் தள்ளி அந்தச் சாய்வு 30 செ.மீ. உயர்வாகிறது. கட்டிலில் உட்கார்ந்தவரின் காது பாரைவிட 45 செ.மீ. மேலே இருப்பதால் இந்தச் சாய்வுக்குப் பேச்சில் ச, ஷ, த எழுத்துகள் உடனே கூர்மையாயின. ரூ. 10-இல் கிடைத்த பலன்.

ஆனால் ரப்பர் தவறான பொருள். ஒரு மாதம் கழித்துத் தூசி தட்ட பாரைத் தூக்கியபோது ரப்பரும் ஒட்டிக்கொண்டே வந்தது, மேசையின் சன்மைக்காவில் இரண்டு எண்ணெய்க் கறை. பிவிசி அழிரப்பரில் மென்மைக்காகச் சேர்க்கும் எண்ணெய்ச் சரக்கு மெல்லக் கசிந்து பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பாரின் அடியில் ரப்பர் இருந்த இடம் நகம் பட்டாலே பதிகிற அளவுக்கு மெதுவாகியிருந்தது. இப்போது இருப்பது ஸ்டேஷனரி கடையில் வாங்கிய ஈவிஏ ஃபோம் ஷீட். ஆறு மி.மீ. ஷீட்டைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, முன்னால் இரண்டு அடுக்கு, பின்னால் பாதி தடிமனுக்கு ஒரு துண்டு. விலை ரூ. 60, ஷீட்டில் முக்கால்வாசி மிச்சம். முன்பக்க உயரம் 7.2 செ.மீ. ஆகிவிட்டதால் பாரின் முகம் டிவி விளிம்புக்கு முன்னால் நிற்கிறது, ரிமோட் கண்ணை மறைக்கவில்லை. பின்பக்கத் துளைக்கும் சுவருக்கும் நடுவே பன்னிரண்டு செ.மீ. இருக்கிறது. அதை ஐந்துக்குக் கீழே குறைத்துப் பார்த்ததில் 'ஊஃப்' என்ற காற்றுச் சத்தம் கேட்டது.

பாரை ஷோகேஸ் தட்டுக்குள் வைப்பவர்கள் முகத்தைத் தட்டின் விளிம்புவரை இழுத்துவிட வேண்டும். நாலு விரல் உள்ளே போனாலும் மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் பட்டுப் பேச்சு மங்கும். டைல்ஸ் தரையில் பேச்சு சிதறினால், பாருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்துக் கேளுங்கள். இங்கே அது எந்த ஈக்வலைசர் பொத்தானையும்விட அதிகம் செய்தது.

ரிமோட்டில் சரவுண்ட், மூவி, மியூசிக், நியூஸ் என்று நான்கு பொத்தான். சரவுண்டைப் போட்டால் சத்தம் அகலமாவதுபோல் தோன்றும், நடுவில் நிற்க வேண்டிய குரல் மட்டும் கரைந்துபோகும். நியூஸில் வைத்து, பேஸை இரண்டு படி இறக்கியது. மின்விசிறி ஐந்தில் ஓடும்போதும் சொற்கள் தப்பவில்லை. முன்பு டிவியில் 40-இல் வைத்துக் கேட்டதைவிட இப்போது 14-இல் தெளிவாக இருக்கிறது.

புளூடூத் பாட்டுக்கு மட்டும். மேசையின் கீழ்த் தட்டில் வைஃபை ரவுட்டர் இருந்தபோது பாட்டு விக்கி விக்கி வந்தது. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதுகின்றன. ரவுட்டரை மூன்றடி தள்ளி வைத்து ஃபோனின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் விக்கல் நின்றது. ஃபோனில் சத்தத்தை முக்காலுக்கு மேல் வைத்துப் பாரில் குறைத்துக்கொள்வது நல்லது. மாற்றி வைத்தால் அமைதியான இடங்களில் 'ஸ்ஸ்' என்ற சத்தம் தெரியும். இந்த பார் புளூடூத்தில் சும்மா இருக்கும்போது அடுக்கு மாடியில் யார் ஃபோனும் கேட்காமலே இணைந்துவிட முடியும். வேலை முடிந்ததும் ஏஆர்சிக்கு மாற்றிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

செலவு: பார் 4,200, எச்டிஎம்ஐ ஒயர் 250, ஈவிஏ ஷீட் 60, ஆக 4,510. வழி தவறியதில் யூஎஸ்பி பார் 1,100, டிரான்ஸ்மிட்டர் 600, ஆக்ஸ் ஒயர் 150, ஐசொலேட்டர் 250, ஆப்டிகல் ஒயர் 200, அழிரப்பர் 10, ஆக 2,310. முதல் நாளே டிவியைத் திருப்பி எந்த ஓட்டையில் ஏஆர்சி என்று எழுதியிருக்கிறது எனப் பார்த்திருந்தால் இந்த இரண்டாவது கணக்கே இருந்திருக்காது.

அடுத்த முறை மாற்றுவது இரண்டு. மேசையை ஓரடி ஆழத்துக்குப் பதில் ஒன்றேகால் அடியாக அடிக்கச் சொல்வது. டிவிக்கு முன்னால் பார் நிற்க இடம் வந்துவிட்டால் 6 செ.மீ. உயரக் கட்டுப்பாடு போய், கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர் உள்ள பார் எடுக்கலாம். இன்னொன்று, கரண்ட் போய் வரும்போது டிவிக்கு முன்னால் பார் எழுந்துவிட்டால் சில சமயம் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. இப்போதைக்கு டிவியில் சோர்ஸை ஒரு தடவை மாற்றித் திரும்பினால் சரியாகிவிடுகிறது. டிவி, செட்டாப் பாக்ஸ், பார் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டி, அதை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்ற எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறது.